பாவித்த பிசியை விற்பது: கொழும்பில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் சொந்தக்காரர்களில் யாராவது வெளிநாடு போனால், அல்லது வீட்டுப் பிள்ளை லப்டொப்புக்கு மாறினால், எனக்கு ஒரு கோல் வரும். “தம்பி, பெடியன்ரை பிசியை வித்துத் தரேலுமோ?” நான் கடை வைத்திருப்பவன் இல்லை. வெள்ளவத்தையில் இருக்கிறேன், கம்பியூட்டர் பொருத்துவது பொழுதுபோக்கு, விற்றுக்கொடுப்பது அதற்குப் பின்னால் வாலாக வந்த வேலை. ஒரே கேள்விகளுக்கு ஒரே பதிலைச் சொல்லி வாய் வலித்துவிட்டதால் எழுதி வைக்கிறேன். பாகம் பாகமாகத் தெரிந்தெடுத்துப் பொருத்திய டெஸ்க்டொப்பைப் பற்றித்தான் இங்கே பேச்சு. கம்பனி பெயரோடு பெட்டியாக வருகிற கம்பியூட்டருக்கு இதில் பாதிதான் பொருந்தும்.

என்ன விலை சொல்வது?

வாங்கிய விலையை முதலில் மறந்துவிடுங்கள். கொழும்பில் இது லேசான காரியமில்லை, அதற்குக் காரணம் 2022. அந்த வருஷம் மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபாயை ஒட்டி நின்றது, மே மாதத்தில் 360ஐத் தொட்டது. புதிய பாகங்களின் விலை அப்படியே மேலே போனது. இரண்டு வருஷம் பாவித்த பிசியை வாங்கிய காசுக்கு மேலேயே விற்றவர்கள் அப்போது இருந்தார்கள். அந்தக் கதை இன்னும் எல்லார் வீட்டிலும் ஓடுகிறது. “பக்கத்து வீட்டு அண்ணா வாங்கினதை விடக் கூட விலைக்கு வித்தவர்” என்று சொல்கிறவர்களிடம் அது எந்த வருஷம் என்று கேளுங்கள். உண்மையில் பாவம் யாரென்றால், 2022 நடுப்பகுதியில் அந்த உச்ச விலைக்கு வாங்கியவர். அவருடைய பில்லைப் பார்த்து யாரும் விலை தரப்போவதில்லை.

நான் செய்வது இதுதான். பிசியில் உள்ள ஒவ்வொரு பாகத்தையும் ஒரு தாளில் எழுதுவேன். அதே வேகத்தைத் தருகிற புதிய பாகம் இன்று என்ன விலை என்று பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் உள்ள நாலைந்து கடைகளின் விலைப்பட்டியலில் பார்ப்பேன். கவனியுங்கள், அதே பாகத்தின் விலையைத் தேடக்கூடாது. ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் 2019இல் வந்த கிராபிக்ஸ் கார்ட். யாராவது மூலையில் வைத்திருக்கிற புதிய பெட்டிக்கு என்ன விலை சொன்னாலும் அது கணக்கில்லை. அதே காசுக்கு வாங்குபவருக்கு இன்று வேறென்ன கிடைக்கும் என்பதுதான் கணக்கு. பட்டியலில் இருப்பது காசு விலையா, கிரெடிட் கார்ட் விலையா, வற் வரி சேர்ந்ததா என்பதையும் பாருங்கள். 2024 ஜனவரியிலிருந்து வற் 18 வீதம், ஒன்றரை லட்சப் பொருளில் அது சின்னத் தொகை இல்லை.

வாரண்டி ஒரு வருஷமாவது மீதம் இருந்தால் அந்தப் புது விலையில் 65 முதல் 75 வீதம், வாரண்டி முடிந்திருந்தால் பாதிக்குச் சற்று மேலும் கீழும். இது என் கைக்கணக்கு. கேசிங், ஃபேன் இவற்றுக்கு ஏதோ ஒரு தொகை. ராமுக்கு மட்டும் இந்தக் கணக்கைப் போடாதீர்கள். ஏஐ தரவு மையங்களுக்கு மெமரி சிப்புகள் போகத் தொடங்கியதில் 2025இன் கடைசி மாதங்களில் ராம் விலை உலகம் முழுக்க எகிறியது. பழைய விலை நினைவில் 32 ஜிபி ராமைச் சும்மா சேர்த்துக் கொடுத்துவிட்டுப் பிறகு தலையில் கைவைத்தவர் எனக்குத் தெரிந்த ஒருவர். விற்கிற அன்றைக்குப் பாருங்கள்.

அப்புறம் இக்மன் விளம்பரத் தளத்திலும் ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸிலும் உங்களுடையதைப் போன்ற பிசிகளைத் தேடுங்கள். அங்கே இருப்பதெல்லாம் ஆசை விலை. இரண்டு மாதமாக நிற்கிற விளம்பரம், எந்த விலைக்கு விற்காது என்பதைத்தான் சொல்கிறது. போட்ட ஒரு கிழமைக்குள் காணாமல் போகிற விளம்பரங்களின் விலையைக் குறித்து வையுங்கள்.

ஆர்ஜிபி லைட்டுக்கு மட்டும் முப்பதாயிரம் செலவழித்தேன். அது விலையில் சேருமா?

சேராது. படத்தில் வடிவாக இருக்கும், அதனால் கோல் கொஞ்சம் கூடுதலாக வரும்.

முழுதாக விற்பது நல்லதா, கழற்றிப் பாகம் பாகமாக விற்பது நல்லதா?

கழற்றி விற்றால் மொத்தத்தில் கூடுதல் காசு வரும். ஆனால் கிராபிக்ஸ் கார்டும் புரொசசரும் ராமும் ஒரே கிழமையில் போய்விடும், மிச்சம் உங்கள் அறையில் ஆறு மாதம் இருக்கும். மதர்போர்டும் கேசிங்கும் பவர் சப்ளையும் தனியாக நகரவே நகராது. அதோடு ஐந்து பேருக்குப் பதில் சொல்லவேண்டும், ஐந்து தடவை வீட்டில் காத்திருக்கவேண்டும், ஐந்து பேரிடமிருந்து “அண்ணா, டிஸ்ப்ளே வருதில்லை” என்று கோல் வரலாம்.

நான் நடுவழியைத்தான் சொல்வேன். கிராபிக்ஸ் கார்ட் மிச்சப் பிசியின் தகுதியைவிடப் பெரியதாக இருந்தால் அதை மட்டும் தனியே விற்றுவிட்டு, புரொசசரிலேயே டிஸ்ப்ளே (கார்ட் இல்லாமல் திரையில் படம் வரவைக்கிற வசதி) இருந்தால் மற்றதை அலுவலகப் பிசியாக விற்கலாம். இன்டெல் புரொசசரின் பெயரில் கடைசியில் எஃப் என்று இருந்தால் அதில் டிஸ்ப்ளே கிடையாது, ரைசன் 5 3600 போன்றவற்றிலும் கிடையாது. அப்படியானால் கார்டைக் கழற்றிவிட்டால் மிச்சத்தை ஓட்டிக் காட்டவே முடியாது.

ஏஎம்4 மதர்போர்ட் (ஏஎம்டி கம்பனியின் ரைசன் புரொசசர் பொருத்துகிற ஒரு வகைப் போர்ட்) வைத்திருப்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. பயோஸை, அதாவது பிசி போட்டவுடன் முதலில் ஓடுகிற போர்டின் மென்பொருளை, அப்டேட் செய்தால் பழைய பி450 போர்டிலேயே ரைசன் 5000 வரிசைப் புரொசசர்கள் ஓடும். “இதிலேயே இன்னும் பெரிய புரொசசர் போடலாம்” என்ற ஒரு வரி விளம்பரத்தில் நிறைய வேலை செய்யும்.

கழற்றத்தான் போகிறீர்கள் என்றால் மூன்று விஷயம். ஏஎம்4 புரொசசரில் ஊசிகள் புரொசசரின் அடியில் இருக்கும். கூலரை இழுத்துப் பிடுங்கினால் இடையில் சூடு கடத்தப் பூசிய, காய்ந்த பேஸ்டோடு புரொசசரும் சேர்ந்து வந்து ஊசி வளையும், பிசியைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுச் சூடாக்கி நிறுத்திவிட்டு, கூலரை மெதுவாகத் திருகி எடுங்கள். இன்டெல் போர்டில் ஊசிகள் போர்டில் இருக்கும், அந்தச் சின்னப் பிளாஸ்டிக் மூடி இல்லாமல் போர்டைக் கைமாற்றாதீர்கள். கழற்றக்கூடிய கேபிள் உள்ள பவர் சப்ளையை விற்றால் அதனுடைய கேபிள்களையே கொடுங்கள். ஒரு கம்பனி கேபிள் இன்னொன்றில் பொருந்துவதுபோல் பொருந்தும், உள்ளே வயர் வரிசை வேறாக இருந்தால் எஸ்எஸ்டி எரிந்துவிடும்.

பேசாமல் கடைக்கே கொடுத்துவிட்டால்?

கொடுக்கலாம். பாவித்ததை வாங்கும், மாற்றித் தரும் கடைகள் இருக்கின்றன. நேரடியாக விற்பதைவிட நல்ல குறைவாகத்தான் சொல்வார்கள். கடைக்காரர் அதைச் சுத்தமாக்கி, தன் பெயரில் கொஞ்ச வாரண்டி கொடுத்து, லாபமும் வைத்து விற்கவேண்டும், அதில் பிழை காண ஒன்றுமில்லை. புதிது வாங்கும்போது பழையதைக் கழித்துக்கொள்வது என்றால் புதியதன் விலையைத் தனியாகவும் கேட்டுப் பாருங்கள். பழையதற்கு நல்ல விலை தருவதாகச் சொல்லிப் புதியதில் ஏற்றுவது பழைய வித்தை.

விற்க முன்னால் சுத்தம் பண்ணவேண்டுமா?

கட்டாயம், அதுவும் நீங்கள் காலி வீதிக்குக் கடற்பக்கம் இருக்கிறவர் என்றால். மெரைன் டிரைவ் பக்க வீடுகளில் ஜன்னலைத் திறந்து வைத்துப் பாவித்த பிசிகளை நான் பின்பக்கம் பார்த்தவுடனேயே சொல்லிவிடுவேன். கிராபிக்ஸ் கார்டின் தகட்டில், பின்பக்க ஸ்க்ரூக்களில், யூஎஸ்பி துளைகளின் விளிம்பில் எல்லாம் துரு இருக்கும். உப்புக்காற்று செய்கிற வேலை. வாங்க வருகிறவர்களும் டோர்ச் அடித்து முதலில் அங்கேதான் பார்க்கிறார்கள். ஸ்க்ரூக்களைப் புதிதாக மாற்றுங்கள், நூறு ரூபாய்ச் செலவு. தகட்டுத் துருவை மறைக்கப் பெயின்ட் அடிக்காதீர்கள், அது இன்னும் மோசமாகத் தெரியும். மேலோட்டமான துரு என்று படத்தில் காட்டிவிடுங்கள்.

தூசுக்குப் பெயின்ட் பிரஷும் புளோவரும் போதும். ஃபேனை விரலால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள், கிறுகிறுவென்று சுற்றவிடாதீர்கள். புரொசசர் பேஸ்டை மாற்றுங்கள். பவர் சப்ளையை மட்டும் திறக்கவேண்டாம், பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே மின்சாரம் தேங்கியிருக்கும்.

பல்லியையும் தேடுங்கள். சிரிக்காதீர்கள். சூடும் இருட்டும் உள்ள இடம் அதற்கு மாளிகை. தெஹிவளையில் ஒரு வீட்டில் வாங்க வந்தவருக்கு முன்னால் பக்கக் கண்ணாடியைத் திறந்தேன், மதர்போர்டின் மேல் ஹீட்சிங்க் ஓரத்தில் காய்ந்துபோன பல்லி ஒன்று. பிசி ஒழுங்காகத்தான் ஓடியது. வந்தவர் தேத்தண்ணீரைக்கூட முடிக்காமல் போய்விட்டார்.

உள்ளே இருக்கிற படம், கோப்புகளை எப்படி அழிப்பது?

ரீசைக்கிள் பின்னைக் காலி செய்வதும், விரைவாக ஃபோர்மட் செய்வதும் அழிப்பதில்லை. இலவச மென்பொருளாலேயே மீட்கலாம். நம் வீட்டுப் பிசிகளில் என்ன இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்: அம்மாவின் அடையாள அட்டை ஸ்கேன், விசா விண்ணப்பத்துக்கு எடுத்த வங்கிக் கணக்கு அறிக்கை, காணி உறுதி, பாஸ்போர்ட் பக்கங்கள். வெளிநாடு போகிற வீட்டில் இவை எல்லாமே இருக்கும்.

வேண்டியதை வேறு டிஸ்கில் எடுத்துவையுங்கள், எடுத்தது திறக்கிறதா என்று வேறு கம்பியூட்டரில் பாருங்கள். அப்புறம் பிரவுசர், வட்ஸ்அப், ஸ்டீம் எல்லாவற்றிலிருந்தும் வெளியேறுங்கள். எஸ்எஸ்டி என்றால் பயோஸிலோ அந்தக் கம்பனியின் மென்பொருளிலோ செக்யூர் இரேஸ் என்று முழுதாக அழிக்கிற வசதி இருக்கும், அது சில நிமிட வேலை. பிழையான டிரைவைத் தெரிந்தெடுத்துவிடாதீர்கள், பேக்கப் டிஸ்கைக் கழற்றி வைத்துவிட்டுச் செய்யுங்கள். ஹார்ட் டிஸ்கில் முழுக்கப் பூச்சியம் எழுதவேண்டும், ஒரு டெராபைட்டுக்குச் சில மணித்தியாலம் எடுக்கும், இரவில் போட்டுவிட்டுப் படுங்கள். இதெல்லாம் தெரியாது என்றால் விண்டோஸ் செட்டிங்ஸில் ‘ரீசெட்’ போய், எல்லாவற்றையும் நீக்கு என்பதோடு டிரைவைச் சுத்தமாக்கு என்பதையும் தெரிந்தெடுங்கள். சாதாரண வீட்டுக்கு அது போதும்.

பழைய ஹார்ட் டிஸ்கை விற்கவே வேண்டாம் என்பதுதான் என் கட்சி. ஆறு வருஷம் ஓடிய டிஸ்குக்கு எவ்வளவு தந்துவிடப் போகிறார்கள்?

விண்டோஸ் லைசன்ஸ்?

கடையில் தனிப்பெட்டியாக வாங்கிய லைசன்ஸ் என்றால் நீங்களே எடுத்துப் போய் அடுத்த பிசியில் போடலாம். ஓஈஎம், அதாவது பிசியோடு சேர்த்து விற்கிற லைசன்ஸ், மதர்போர்டோடு ஒட்டியது, அதோடே போகும். நம் ஊரில் மூன்றாவது வகை, கள்ளப் பிரதி, அதுதான் அதிகம், அதைப் பற்றி இரண்டு பேரும் பேசாமல் இருப்பார்கள். விளம்பரத்தில் ‘ஒரிஜினல் விண்டோஸ்’ என்று பொய் எழுதாமல், சுத்தமாக நிறுவி, உங்கள் மைக்ரோசொஃப்ட் கணக்கை எடுத்துவிட்டுக் கொடுத்தால் போதும். கணக்கின் சாதனப் பட்டியலிலிருந்தும் அந்தப் பிசியை நீக்குங்கள்.

இதைவிட முக்கியமானது விண்டோஸ் 11 ஓடுமா என்பது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்தது. 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், பொதுவாக இன்டெல் 8ஆம் தலைமுறை, ரைசன் என்றால் 2000 வரிசை, அல்லது அதற்கு மேல் வேண்டும். ஒரு காலத்தில் ராஜாவாக இருந்த ஐ7 7700 இந்தக் கோட்டுக்கு வெளியே நிற்கிறது, விலையும் அதற்கேற்ப இறங்கிவிட்டது. தகுதியுள்ள பிசிகளிலும் பயோஸில் டிபிஎம் அணைந்து கிடக்கலாம். போட்டுவிட்டு, 11ஐ நிறுவி, ஓடுகிற நிலையில் காட்டுங்கள்.

விளம்பரத்தில் என்ன எழுதுவது, எந்த மொழியில்?

ஆங்கிலத்தில் பாகங்களின் பட்டியல், கூடவே எளிய சிங்களத்தில் நாலு வரி. வாங்குகிறவர் வத்தளையிலிருந்தும் வரலாம், மஹரகமவிலிருந்தும் வரலாம். பட்டியலில் மொடல் இலக்கம் முழுதாக இருக்கட்டும். ‘ஐ5, 16 ஜிபி ராம், 500 ஜிபி எஸ்எஸ்டி, கேமிங் பிசி’ என்று எழுதினால் எந்த ஐ5 என்று கேட்டே நாற்பது பேர் மெசேஜ் போடுவார்கள். பவர் சப்ளையின் பெயரையும் வோட்டையும் எழுதுங்கள், அதை எழுதாதவர் மட்டமானதைப் போட்டிருக்கிறார் என்றுதான் விஷயம் தெரிந்தவர் நினைப்பார். வாங்கிய மாதம், வாரண்டி முடியும் மாதம், பில் இருக்கிறதா, பெட்டிகள் இருக்கின்றனவா என்று எழுதுங்கள்.

படம் பகல் வெளிச்சத்தில். லைட் எரிகிற ஒரு படம் போதும். மற்றவை பின்பக்கம், உள்பக்கம், சீரியல் இலக்கத்தின் பாதியை மறைத்த ஸ்டிக்கர்கள், பிறகு ஒரு தாளில் அன்றைய திகதியை எழுதி பிசியின் மேல் வைத்து எடுத்த படம். கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் எஸ்எஸ்டியின் நிலை, ஓடிய மணித்தியாலம், புரொசசரையும் கார்டையும் காட்டுகிற சிபியு-இசட், ஜிபியு-இசட் திரைகள், இவையும் இருந்தால் பாதிப் பேச்சு மிச்சம்.

விளம்பரத்தை 25ஆம் திகதியை ஒட்டிப் போடுங்கள். சம்பளம் வந்த கிழமையில்தான் கோல்கள் உண்மையான கோல்களாக இருக்கும்.

சின்னப் பிழை ஒன்று இருக்கிறது. சொல்லத்தான் வேண்டுமா?

சொல்லுங்கள். ஒருமுறை என்னுடைய சொந்தப் பிசியையே விற்றேன். முன்பக்க யூஎஸ்பி இரண்டில் ஒன்று வேலை செய்யாது. யார் பார்க்கப்போகிறார்கள் என்று விட்டுவிட்டேன். வந்த பெடியன் பென்டிரைவோடு வந்திருந்தான், முதலில் குத்தியதே அந்தத் துளையில். அதற்குப் பிறகு அவன் எதையும் நம்பவில்லை. ராமைக் கழற்றிப் பார்த்தான், டிஸ்கைப் பார்த்தான், ஃபேன் சத்தத்துக்கு விளக்கம் கேட்டான். கடைசியில் 15,000 ரூபாய் குறைத்துக் கொடுத்தேன். அந்த யூஎஸ்பியை விளம்பரத்திலேயே எழுதியிருந்தால் இரண்டாயிரத்தோடு முடிந்திருக்கும். பிழை உங்கள் வாயிலிருந்து வந்தால் அதற்கு ஒரு விலை, அவர் கண்டுபிடித்தால் வேறு விலை.

இடி மின்னலில் ஒருமுறை அடிபட்டு பவர் சப்ளை மாற்றிய பிசி என்றால் அதையும் சொல்லுங்கள், மாற்றிய பில்லைக் காட்டுங்கள். ஏப்ரலிலும் ஒக்டோபர் நவம்பரிலும் பின்னேர இடி என்னவென்று கொழும்பில் எல்லாருக்கும் தெரியும், யாரும் உங்களைக் குறை சொல்லமாட்டார்கள்.

“மைனிங் பண்ணின கார்டா?” என்று கேட்கிறார்கள்.

கேட்பார்கள். கிராபிக்ஸ் கார்டுகளை இரவு பகலாக ஓட்டி டிஜிட்டல் நாணயம் சம்பாதிப்பதுதான் மைனிங். 2022 செப்டெம்பர் 15இல் எதீரியம் நாணயம் மைனிங் முறையையே கைவிட்டது. அதோடு உலகம் முழுக்க மைனிங் கார்டுகள் பாவித்த சந்தையில் கொட்டின. அதற்கு முன் வந்த கார்ட் எதைப் பார்த்தாலும் இந்தச் சந்தேகம் வரும். வீட்டில் கேம் விளையாடிய கார்ட் என்றால் உங்கள் பெயரில் உள்ள பழைய பில்லே பெரிய சாட்சி. மைனிங் செய்ததுதான் என்றால் சொல்லிக் குறைத்து விற்றுவிடுங்கள். ஃபேனும் தெர்மல் பேடும் மாற்றினால் பல கார்டுகள் இன்னும் நன்றாகவே ஓடும்.

“லாஸ்ட் பிரைஸ் எக கீயத?” என்று பிசியைப் பார்க்கவே முன்னால் கேட்கிறவருக்கு என்ன சொல்வது?

கடைசி விலை என்ன என்று மெசேஜில் கேட்கிறவருக்கு நான் சொல்வது ஒன்றுதான்: “வந்து பாருங்கள், பிடித்தால் கதைப்போம்.” மெசேஜில் குறைத்த விலை, வீட்டுக்கு வந்ததும் புதிய ஆரம்ப விலையாகிவிடும். ஆகவே மனதில் உள்ள விலைக்கு மேல் ஒரு ஐந்து, ஏழு வீதம் வைத்து விளம்பரம் போடுங்கள், அதை நேரில் விட்டுக்கொடுங்கள். அதற்கு மேல் வைத்தால் கோலே வராது.

ஆள் வீட்டுக்கு வரும்போது எப்படிக் காட்டுவது?

பகலில், வீட்டில் இன்னொருவர் இருக்கும்போது. வீட்டுக்கு வரவிட விருப்பமில்லை என்றால் தெரிந்த கடையிலோ, கீழே ஃபிளட் வரவேற்பறையிலோ மொனிட்டரோடு வைத்துக் காட்டலாம். கார் பார்க்கில் வைத்து “ஓடும், நம்புங்கோ” என்று சொல்வது வேலைக்கு ஆகாது.

அவர் வரும்போது பிசி அணைந்து ஆறியிருக்கட்டும். ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கும் பிசி சந்தேகத்தைக் கிளப்பும், போடும்போது வராத வியாதி ஏதும் இருக்குமோ என்று. பயோஸில் ராம் அதன் உண்மையான வேகத்துக்கு, எக்ஸ்எம்பி என்ற அமைப்பைப் போட்டு, வைத்திருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள். 3200 என்று விளம்பரத்தில் எழுதி, திரையில் 2133 வந்தால் அசிங்கம். புரொசசரைச் சோதிக்கச் சினிபெஞ்ச் ஒரு தடவை, பிறகு கார்டைச் சோதிக்க ஃபர்மார்க் பத்து நிமிடம், வெப்பநிலை தெரிகிற மாதிரி ஹெச்டபிள்யூஇன்ஃபோ பக்கத்தில். அப்புறம் அவர் கையில் மவுஸைக் கொடுத்துவிட்டு ஒதுங்கி உட்காருங்கள். பக்கத்தில் நின்று ஒவ்வொன்றுக்கும் விளக்கம் சொல்கிறவரைப் பார்த்தால் எனக்கே சந்தேகம் வரும்.

ஒரு வேலை செய்யுங்கள், அன்று உங்கள் வீதியில் மின்வெட்டு அறிவித்தல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நேரம் சொல்லுங்கள். நான் ஒருவரைக் கடவத்தையிலிருந்து வரவழைத்து, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் கேசிங்கைக் காட்டியிருக்கிறேன்.

காசை எப்படி வாங்குவது?

பிசி வாசலைத் தாண்ட முன்னால் காசு உங்கள் கணக்கில் இருக்கவேண்டும். இதில் முகத்தாட்சண்யம் பார்க்காதீர்கள்.

வங்கி அப்பில் சிஈஎஃப்டிஎஸ் (வங்கிகளுக்கு இடையிலான உடனடிப் பணமாற்று முறை) வழியாக அனுப்பினால் வேறு வங்கியாக இருந்தாலும் சாதாரணமாக உடனே வந்துவிடும். “அனுப்பிவிட்டேன், நாளைக்கு விழும்” என்று ஸ்க்ரீன்ஷொட் காட்டினால் நாளைக்கே வந்து பிசியை எடுக்கச் சொல்லுங்கள். ஸ்க்ரீன்ஷொட்டை யாரும் போனிலேயே செய்யலாம். எனக்குத் தெரிந்த ஒரு அக்கா இப்படி மொனிட்டர் ஒன்றை இழந்தார். வந்தவன் நல்ல மரியாதையான பெடியனாம், “அன்டி, அன்டி” என்று பேசினானாம். எஸ்எம்எஸ் வந்ததையும் நம்பவேண்டாம், நீங்களே அப்பைத் திறந்து மீதியைப் பாருங்கள். காசோலை வேண்டவே வேண்டாம்.

ரொக்கமாகத் தந்தால் ஒன்றரை லட்சம் என்பது முப்பது ஐயாயிரம் ரூபாய்த் தாள். வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பாருங்கள், அவசரப்படுத்தினாலும் பாருங்கள். பக்கத்தில் வங்கியின் பண வைப்பு மெஷின் இருந்தால் இருவருமாக நடந்துபோய்ப் போட்டுவிடுவது இன்னும் நல்லது, கள்ளத்தாளை மெஷின் துப்பிவிடும். காலி வீதியில் இருக்கிற எங்களுக்கு அது ஐந்து நிமிட நடை.

அட்வான்ஸ் தருகிறேன், வேறொருவருக்கும் கொடுக்காதீர்கள் என்று உண்மையாகவே கேட்பவர்களும் உண்டு. சின்னத் தொகையாக வாங்கி, எந்தத் திகதி வரை வைத்திருப்பேன் என்று மெசேஜில் எழுதிவிடுங்கள். ஆனால் “காசு அனுப்ப உங்கள் ஓடிபி இலக்கம் வேண்டும்” என்று ஒருவர் கேட்டால் அவர் வாங்க வந்தவர் இல்லை.

ஓட்டோவில் கொண்டுபோகலாமா?

கொண்டுபோகலாம், மடியில் வைக்கிற பிள்ளையைப்போல. பாரமான கிராபிக்ஸ் கார்டைக் கழற்றி அதன் பெட்டியில் போடுங்கள். பெரிய டவர் கூலர் இருந்தால் பிசியைப் படுக்கவைத்து, மதர்போர்ட் கீழே வருமாறு வையுங்கள், நிமிர்த்தி வைத்தால் பள்ளத்தில் விழும் ஒவ்வொரு தடவையும் கூலர் போர்டை இழுக்கும். கண்ணாடிப் பக்கத்துக்குத் துவாய் சுற்றுங்கள். மழைக்காலம் என்றால் ஓட்டோவின் பக்கத் திரையை நம்பாமல் பெரிய பொலித்தீன் பை ஒன்றில் போட்டுக் கட்டுங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர் கேட்கிறார். அனுப்பலாமா?

வெள்ளவத்தையிலிருந்து இரவில் புறப்படும் யாழ்ப்பாண பஸ்களில் பார்சல் போடுவது நமக்குப் புதிதில்லை. ஆனால் முழுப் பிசியை அப்படியே போடாதீர்கள், பஸ்ஸின் அடித்தட்டில் மேலே என்ன விழும் என்று சொல்லமுடியாது. கார்டும் கூலரும் தனியே, கேசிங் தன் ஒரிஜினல் பெட்டியில், உள்ளே வெறுமை இல்லாமல் கடதாசி உருண்டை. பஸ் இலக்கமும் நடத்துநரின் போன் இலக்கமும் எழுதி வாங்குங்கள்.

அனுப்ப முன்னால் வீடியோ கோலில் பிசியை ஓட்டி, சீரியல் இலக்கங்களைக் காட்டி, அவரையே ஸ்க்ரீன்ஷொட் எடுக்கச் சொல்லுங்கள். முழுக்காசும் வந்த பிறகு அனுப்புங்கள். அவருக்கு அது பயமாக இருந்தால், இருக்கவேண்டும்தான், கொழும்பில் அவருக்கு ஒரு மச்சானோ சித்தப்பாவோ இருப்பார். அவரை வந்து பார்க்கச் சொல்லுங்கள். நான் அனுப்பியதில் பாதிக்கு மேல் இப்படி யாரோ ஒரு சித்தப்பா பார்த்து முடித்ததுதான்.

விற்ற பிறகு பழுதானால் நான் பொறுப்பா? வாரண்டி யாருக்குச் சேரும்?

இதை முன்னாலேயே பேசி எழுதுங்கள். ஒரு தாளில் திகதி, தொகை, பாகங்களின் சீரியல் இலக்கங்கள், “சோதித்துப் பார்த்து வாங்கினேன்” என்ற வரி, இருவர் கையெழுத்து. இரண்டு பிரதி. நான் மூன்று நாள் சொல்வதுண்டு: மூன்று நாளுக்குள் போடவே மறுத்தால் கொண்டுவாருங்கள், பார்ப்போம். இது சட்டம் இல்லை, என் வழக்கம். இதுவரை ஒருவர்தான் வந்தார், ராம் குலுங்கி ஏறியிருந்தது, அழுத்தினோம், சரி.

கடை வாரண்டி பில்லோடும் பாகத்தில் ஒட்டிய ஸ்டிக்கரோடும்தான் போகிறது. ஸ்டிக்கர் கிழிந்திருந்தால், எரிந்த தடமோ துருவோ இருந்தால், பல கடைகள் கையை விரித்துவிடும். பில்லில் உங்கள் பெயர் இருந்தால் அடுத்தவர் கொண்டுபோனால் ஏற்பீர்களா என்று கடைக்கு ஒரு கோல் எடுத்துக் கேட்டுவிட்டு விளம்பரத்தில் எழுதுங்கள். பில்லில் இருக்கும் உங்கள் விலாசத்தையும் போன் இலக்கத்தையும் படத்தில் மறையுங்கள். அடையாள அட்டையைப் படம் எடுக்கவேண்டும் என்று வாங்குபவர் கேட்டால் காட்டுங்கள், படம் எடுக்கவிடாதீர்கள். இலக்கத்தைத் தாளில் எழுதினால் போதும், அவரும் அதேபோல் எழுதட்டும்.

மொனிட்டர், யூபிஎஸ், கீபோர்ட் எல்லாம் சேர்த்தா?

மொனிட்டரைத் தனியாகவும் விலை போடுங்கள், பலரிடம் ஏற்கனவே இருக்கும். கீபோர்டும் மவுஸும் பேரத்தில் கடைசியாகத் தூக்கிக் கொடுக்கிற மிட்டாய், முன்னாலேயே சேர்க்காதீர்கள். யூபிஎஸ்ஸில் பற்றரி மூன்று வருஷத்துக்கு மேல் பழசு என்றால் அது பெட்டி விலைதான். 2022இன் மின்வெட்டுகளில் திரும்பத் திரும்ப அடிவாங்கியவை இன்னும் வீடுகளில் பீப் பீப் என்று கிடக்கின்றன.

இரண்டு கிழமையில் கனடா போகிறேன். நேரமில்லை.

விளம்பரத்தில் ‘வெளிநாடு போவதால் அவசர விற்பனை’ என்று எழுதவேண்டாம், எல்லாரும் கடைசி நாள் வரை காத்திருந்து அடிமாட்டு விலைக்குக் கேட்பார்கள். முதல் கிழமை சரியான விலை, எட்டாம் நாள் பத்து வீதம் குறைப்பு, பன்னிரண்டாம் நாள் கடை. டேட்டாவை மட்டும் முதல் நாளே எடுத்து அழித்துவிடுங்கள். விமான நிலையம் போகிற அன்று இரவு அதைச் செய்தவர்களைப் பார்த்திருக்கிறேன், ஒருவர் பேக்கப் டிஸ்கையே அழித்துவிட்டார்.

கிராபிக்ஸ் கார்டையும் எஸ்எஸ்டியையும் கைப்பையில் எடுத்துப் போகிறவர்களும் உண்டு. அங்கே போய்ப் புதிதாகப் பொருத்தும் எண்ணம் இருந்தால் அது மோசமான யோசனை இல்லை.

பத்துப் பன்னிரண்டு வருஷப் பழசு. யாருமே கேட்கவில்லை.

எஸ்எஸ்டி ஒன்றும் லினக்ஸும் போட்டால் பாடம் படிக்க, டைப் பண்ண ஓடும், டியூட்டரி நடத்துகிற தெரிந்தவரிடம் கேட்டுப் பாருங்கள், சும்மா கொடுத்தால் வாங்குவார்கள். அதுவும் இல்லையென்றால் மின்னணுக் கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள், குப்பை லொறியில் போடாதீர்கள். ஹார்ட் டிஸ்கை மட்டும் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள்.